லத்திஃபி போகிறார், தேடுவோமா?

கேள்வி: செம்பனைக்காட்டு சேஃப்டிகார் (பந்திங்)

ஞாயிறு அபுதாபியோடு இந்த வருட, 2022, ஃபார்முலா 1 கார் ரேஸ் சீசன் முடிகிறது. எங்கே திரும்பினாலும் ஓய்வு பெறுகிற செபாஸ்டியன் வெட்டல், வெட்டல். சரி, நான்கு முறை சாம்பியன், 53 வெற்றி, அழுகிறவர்கள் அழட்டும், நானும் அழுவேன். ஆனால் அதே நாளில் இன்னொருவரும் கடைசியாக ஓட்டுகிறார். வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லத்திஃபி. அடுத்த வருடம் உனக்குக் கார் இல்லை என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதை நான் பார்க்கவில்லை.

நான் டயர் கடையில் வேலை செய்கிறேன். "லத்திஃபி போறாராம்" என்று நேற்று சொன்னேன். "இருந்தாரா?" என்றார் முதலாளி, டயரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்கு அவர் மேல் ஒரு தனிக் கணக்கு உண்டு. போன வருடம் அபுதாபியில் 58 சுற்றில் 53-ஆவது சுற்றில் அவர் சுவரில் மோதினார், சேஃப்டி கார் வந்தது (எல்லாரும் அதன் பின்னால் மெதுவாகப் போகவேண்டும், இடைவெளி எல்லாம் மூடிவிடும்), கடைசிச் சுற்றில் ஹாமில்டனைத் தாண்டி வெர்ஸ்டாப்பன் சாம்பியன் ஆனார். நான் உட்கார்ந்து பார்த்த முதல் முழு ரேஸ் அதுதான். அதுவரை எனக்குத் தெரிந்த ரேஸ் எல்லாம் இரவில் கப்சாய் மோட்டாரில் நம்ம ரோட்டில் நடப்பது. என் பெயருக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஆக, கேள்வி இதுதான். மூன்று வருடம், 9 புள்ளி. இந்த மாதிரி கடைசியில் ஓடுகிறவர் போனால் ரசிகர்கள் தேடுவார்களா? இல்லை நான் மட்டும்தான் இதை யோசித்துக்கொண்டிருக்கிறேனா?

---

பதில்: டைம்ஷீட் (கிள்ளான்)

மாட்டார்கள். அடுத்த கேள்வி.

சும்மா சொல்லவில்லை, இந்த வருட இத்தாலி ரேஸ், மோன்ஸாவை எடுத்துக்கொள். லத்திஃபியின் அணித்தோழர் ஆல்பனுக்குக் குடல்வால் பிரச்சினை, சனிக்கிழமை நிக் டி விரீஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் முதல் ஃபார்முலா 1 ரேஸ். ஒன்பதாவது வந்து 2 புள்ளி எடுத்தார். மூன்று வருடமாக அதே அணியில் இருப்பவர் பதினைந்தாவது. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் சீன ஓட்டுநர் ஜோவைச் சுவரில் தள்ளி ஐந்து இடம் அபராதம் வாங்கினார். ஜப்பானின் சுசூகாவில் பயிற்சியின்போது வழி தவறி வேறு பாதையில் திரும்பினார். வழி தவறி! பழம் ஏற்றும் லாரிக்காரர்கூடத் தோட்டத்துக்குள் அப்படித் திரும்ப மாட்டார். பின்னால் பண பலம் இருந்தது, மூன்று வருடம் ஓடியது. இப்போது அந்த இடத்துக்கு அமெரிக்க இளைஞர் சார்ஜென்ட் வரப்போகிறார், ஃபார்முலா 1 லைசென்ஸுக்கு வேண்டிய புள்ளி சேர்ந்தால். அவரும் பின்னால்தான் ஓடுவார், அவரையும் திட்டுவோம். கடைசி இடம் என்றைக்கும் காலியாகாது.

---

பதில்: நீலக்கொடி (பந்திங்)

தம்பி சேஃப்டிகார், டைம்ஷீட் சொன்ன கணக்கில் தப்பு இல்லை. லத்திஃபி போகவேண்டியவர்தான். மோன்ஸாவுக்குப் பிறகு எந்த முதலாளியும் அதைத்தான் செய்வார். ஆனால் நீ கேட்டது அவர் இருக்கவேண்டுமா என்று இல்லை, தேடுவோமா என்று. அது வேறு.

நான் ரேஸை டிவியில் பார்த்து வளர்ந்தவன் இல்லை. செப்பாங் ரேஸ் பாதையில் கொடி காட்டும் மார்ஷலாக நின்றவன். அப்போது செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. ரேஸ் வாரம் வந்தால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, விடியுமுன் ஒலாக் லெம்பிட் பக்கமாக மோட்டாரை விடுவேன். நாள் முழுக்க வெயில், நாலு மணிக்கு மழை, கையில் நாசி லெமாக் பொட்டலம். சொந்தக்காரர்கள் எல்லாம் நான் ஷூமாக்கரோடு டீ குடித்துவிட்டு வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொடி பிடிப்பவர்கள் எப்படி நிற்பார்கள் தெரியுமா? மஞ்சள் கொடிக்காரர் கார் போகிற திசையைப் பார்த்து நிற்பார். தன் பகுதியில் யாராவது சுழன்றால் அவர் காட்டவேண்டும். நீலக் கொடிக்காரர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற கார்களைப் பார்த்து நிற்பார். அது நான். முன்னால் ஓடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரு வேலையும் இல்லை. ஃபெராரி வரும், போகும், அவ்வளவுதான். எனக்கு வேலை கொடுத்தவர்கள் கடைசி நாலைந்து பேர்தான். பின்னாலிருந்து வேகமான கார் நெருங்கினால் நான் கொடியைக் காட்டவேண்டும், அவர் முதல் வாய்ப்பில் வழிவிடவேண்டும். கொடியை மதிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அபராதம். அதனால் ரேஸ் முழுக்க நான் உற்றுப் பார்த்தது அவர்களைத்தான். ஹெல்மெட் கண்ணாடிப் பக்கம் லேசாகத் திரும்புகிறதா, கார் எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம்.

வழிவிடுவது என்றால் சும்மா ஒதுங்குவது இல்லை தம்பி. எல்லாரும் ஓட்டி ஓட்டி ரப்பர் படிந்த ஒரு கோடு பாதையில் இருக்கும். அதற்கு வெளியே டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் குவிந்து கிடக்கும். ஒதுங்குகிறவர் அதன் மேல் ஏறவேண்டும். துணுக்குகள் சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும், பிடிமானம் போகும், அடுத்த வளைவில் கார் வழுக்கும். அதற்குள் அடுத்தவர் பின்னால் வந்துவிடுவார், நான் மறுபடியும் கொடியை ஆட்டுவேன். டிவியில் நீ பார்ப்பது "தடையாக நிற்கிறான்" என்ற ஒரு வரிதான். பக்கத்தில் நின்று பார்த்தால் அவர்தான் அந்த ரேஸில் அதிக வேலை செய்கிற ஆள்.

2012 செப்பாங்கைச் சொல்கிறேன். எச்.ஆர்.டி. அணியில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அதற்கு முந்தின வாரம் ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றில் வேகமானவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரமுடியாமல் அவர்களை ரேஸிலேயே விடவில்லை. இங்கே வந்தால் மழை. நம்ம ஊர் மழையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் லேசான மழைக்கான டயரில் கிளம்ப, எச்.ஆர்.டி. முழு மழை டயரில் கிளம்பியது. மற்றவர்கள் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் ஓடி மாற்றிக்கொண்டிருக்கும்போது நரேன் பாட்டுக்கு ஓடினார். சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தியபோது பத்தாவது இடம். எச்.ஆர்.டி. கார், பத்தாவது இடம்! ஐம்பது நிமிடத்துக்கு ரேஸ் நின்றது. நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்த நாங்கள் அந்த நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம். பக்கத்தில் நின்ற மலாய்க்கார நண்பர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார், ஏதோ நான் ஓட்டின மாதிரி.

மறுபடி தொடங்கியதும் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டார், அது வேறு கதை. ஜென்சன் பட்டன் வந்து அவர் மேல் மோதித் தன் முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். கடைசியில் வெட்டல் அவரைத் தாண்டும்போது உரசி, டயர் போய், புள்ளி இல்லாமல் போனார். விரலைக் காட்டினார், ஜெர்மன் டிவியில் வெள்ளரிக்காய் என்று திட்டினார். நரேனுக்கு 20 விநாடி தண்டனை. மறுநாள் ஒட்டுக்கடையில் வெட்டலுக்கு விழுந்த திட்டுகளை இங்கே எழுதினால் என்னைத் தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள்.

அந்த வருடக் கடைசியில் எச்.ஆர்.டி. மூடிவிட்டது. 2013-இல் செப்பாங் போனேன். வேலை ஒன்றும் குறையவில்லை, கடைசியில் ஓடுகிற மருசியா, கேட்டர்ஹாம் அணிகள் இருந்தன, வழக்கம்போல ஆட்டினேன். ஆனால் சும்மா ஆட்டினேன். முந்தின வருடம் ஒரு காருக்காக மனம் அடித்துக்கொண்டே ஆட்டியது மாதிரி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், டைம்ஷீட். கடைசி இடம் காலியாகாது, சரி. அதில் ஓடினவர் போய்விடுகிறார் அல்லவா?

---

பதில்: மோரிப் ரோடு (தெலோக் பங்லிமா காராங்)

அண்ணே, நரேனைச் சொன்னீர்கள், அலெக்ஸ் யூங்கை விட்டுவிட்டீர்களே. நம்ம நாட்டின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் அவர்.

2002-இல் மினார்டி காரில் 'கே.எல்.' பெயரோடு ஓடினார். மெல்பர்னில் முதல் வளைவிலேயே எட்டுக் கார்கள் காலி, அவர் தப்பி ஓடி ஏழாவது வந்தார். அந்தக் காலத்தில் ஆறாவது இடம் வரைதான் புள்ளி. இன்றைய கணக்கில் அது 6 புள்ளி. போன வருடம் ஹங்கேரியில் லத்திஃபியும் ஏழாவது வந்தார், 6 புள்ளி எடுத்தார். அலெக்ஸுக்குப் பூஜ்யம். அந்த வருடம் மூன்று முறை 107 சதவீதத்தைத் தாண்டமுடியவில்லை, நடுவில் இரண்டு ரேஸுக்கு வேறு ஆளை உட்காரவைத்தார்கள், சீசன் முடிந்ததும் போய்விட்டார். எங்கள் வீட்டில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்ம ஆளு ஒருத்தன் இருந்தான், அவனும் போய்ட்டான்" என்றார். அப்பாவுக்கு அலெக்ஸ் நம்ம ஆளு. அண்ணனுக்கு 2005-இல் ஜோர்டான் அணியில் நரேன் வந்த பிறகு அவர்தான் நம்ம ஆளு. இண்டியானாபோலிஸில் ஆறே கார் ஓடின ரேஸில் நரேன் நாலாவது வந்ததற்கு அண்ணன் கோழி வாங்கி வந்தான். ஆறு காரில் நாலாவது என்று அம்மாவிடம் சொல்லவே இல்லை.

தம்பி, லத்திஃபியை இங்கே யாரும் தேடமாட்டார்கள், காரணம் எளிது. அவர் கனடாக்காரர், டொரோண்டோவில் எந்த வீட்டிலாவது ஒரு அப்பா பேப்பரை மடித்து வைப்பார். தேடுவது ஓட்டுநரின் திறமையைப் பொறுத்தது இல்லை.

ஆனால் ஒன்று. டைம்ஷீட், திட்டுவோம் திட்டுவோம் என்கிறீர்களே. போன வருடம் அபுதாபிக்குப் பிறகு அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. லண்டனில் வெளியே போக பாதுகாப்பு ஆள் வைத்துக்கொண்டதாக அவரே எழுதினார். பின்னால் ஓடுகிற ஒருவர், மிக் ஷூமாக்கரோடு கடைசிப் பக்கத்து இடம் ஒன்றுக்குப் போராடி வழுக்கினார். அதற்கு இது. மெதுவாக ஓட்டினதற்குத் திட்டலாம், இதற்கு எப்படி?

---

டைம்ஷீட்

அக்கா, மிரட்டினவர்கள் ரசிகர்களே இல்லை, அதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்து. என் கோபம் சீட்டுக் கொடுத்தவர்கள் மேல். பணம் இல்லாமல் எத்தனை பையன்கள் கீழ்ப்படியான ஃபார்முலா 2-லேயே நின்றுபோனார்கள்? அலெக்ஸுக்கும் நரேனுக்கும்கூட பின்னால் ஸ்பான்சர் இருந்தது, அது நம்ம பக்கத்து ஸ்பான்சர் என்பதால் நாம் கண்டுகொள்ளவில்லை. டாடா பெயர் நரேன் காரில் இருந்தது, அதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

---

நீலக்கொடி

அது உண்மைதான், மறுக்கவில்லை. எங்கள் ஒட்டுக்கடையில் டாடா பெயரைப் பார்த்ததும் கைதட்டினார்கள்.

ஆனால் லத்திஃபிக்குக் காசு மட்டும்தான் என்றும் சொல்லிவிடாதே. இந்த வருடம் சில்வர்ஸ்டோன் தகுதிச் சுற்றில் மழையில் முதல் பத்துப் பேருக்குள் வந்தார். ஹங்கேரியில் சனிக்கிழமைப் பயிற்சியில் ஈரப் பாதையில் அவர்தான் முதல். அதை நான் மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்புறம் சுசூகா. வேலை போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஓடின ரேஸ். மழைக்குப் பிறகு ரேஸ் மறுபடி தொடங்கியதும், எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது உடனே உள்ளே வந்து டயரை மாற்றினவர்கள் இரண்டே பேர். ஒருவர் லத்திஃபி, ஒன்பதாவது வந்தார். இன்னொருவர் யார்? வெட்டல், ஆறாவது. அதே வெள்ளரிக்காய்க்காரர்!

இந்த மழை ஆட்கள் மேல் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. வறண்ட பாதையில் காரின் வேகம் பேசும், பின்னால் இருப்பவர் பின்னாலேயே இருப்பார். மழையில்தான் அவருக்கு ஒரு வாசல் திறக்கும், அதற்குள் நுழைவதற்குத் தைரியம் வேண்டும்.

---

செம்பனைக்காட்டு சேஃப்டிகார்

நரேன் பத்தாவது இடத்தில் இருந்தாரா! எங்கள் முதலாளியிடம் சொன்னேன், வேலையை நிறுத்திவிட்டு முழுக் கதையும் கேட்டார். வெட்டல் விரலைக் காட்டினது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, பத்தாவது இடம் ஞாபகம் இல்லை.

அண்ணே, ஞாயிறு எங்கே பார்ப்பீர்கள்? சனிக்கிழமை ஓட்டுப் போட அப்பா அம்மாவைக் கூட்டிப்போகவேண்டும், ஞாயிறு நான் சும்மாதான். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நீலக் கொடி எப்போது விழவேண்டும் என்று கேட்டுக்கொண்டே பார்க்கலாம்.

---

நீலக்கொடி

பசார் பக்கத்து மாமாக் கடைக்கு எட்டரைக்கே வந்துவிடு, தம்பி. ரேஸ் 9 மணிக்கு. அன்றைக்கு நடு இரவில் உலகக் கிண்ணம் தொடங்குகிறது, கத்தாரும் எக்குவடோரும், பந்துக்காரர்கள் பத்தரைக்கே வந்து ரிமோட்டைக் கேட்பார்கள். அதற்குள் ரேஸ் முடிந்துவிடும். சேஃப்டி கார் வந்து இழுத்தால்தான் தகராறு, அதற்கு உங்கள் ஆள்தான் பொறுப்பு. முதலாளியையும் கூட்டி வா. தே தாரேக் என் கணக்கு, ரொட்டி அவர் கணக்கு.