கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டா வேலை கிடையாதாம்!

உறையூரான்: "உள்ள நுழையும்போதே காலைப் பார்ப்பேன். கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தா ஃபைலை அப்பவே மூடிடுவேன்." போன வாரம் இங்க ஒரு மேதாவி எழுதினது. படிச்சதிலிருந்து வயிறு எரியுது. என் தம்பி டிப்ளமோ முடிச்சு ஓசூருக்கு முதல் இன்டர்வியூ போனப்ப காலில் இருந்தது பள்ளிக்கூட சாக்ஸ்தான். கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ்னு அசெம்ப்ளியில நிக்க வச்சு சொல்லித் தந்தது யாரு?

முன்னாள் எச்ஆர்: அந்த மேதாவி நான்தான். பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். 22 வருஷம் வேலைக்கு ஆள் எடுக்கிற நாற்காலியில உட்கார்ந்தவன் சொல்றேன்: சாக்ஸ் பேன்ட் நிறத்தோட சேரணும். உட்கார்ந்தா பேன்ட் மேல ஏறும், வெள்ளை பளிச்சுனு தெரியும். ஸ்கூல் வேற, ஆபீஸ் வேற.

எட்டு அரியர்: எதிர்ல மூஞ்சின்னு ஒண்ணு இருக்குமே சார், அதைப் பார்க்கிற வழக்கம் இல்லையா?

கோவைக்காரி: முதல்ல, 'நல்ல தோற்றம்'னா என்ன? சுத்தமா இருக்கிறதா, பணக்காரனா தெரியறதா? அதை யாராவது சொல்லிட்டு சண்டை போடுங்களேன்.

முன்னாள் எச்ஆர்: வெள்ளை சாக்ஸ் இல்லாம இருக்கிறது.

ஆம்பூர்: நான் ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறவன். சாக்ஸை விடுங்கப்பா. முந்தின நாள் சாயந்திரம் புது ஷூ வாங்கிட்டு, குதிகாலைக் கடிச்சு, நொண்டிக்கிட்டே உள்ள போறாங்க பாருங்க, அதுதான் கொடுமை. பத்து நாள் முன்னாடியே வாங்கி வீட்டுக்குள்ள போட்டு நடக்கணும்.

முன்னாள் எச்ஆர்: ஷூவைப் பத்தி இங்க யாரும் கேட்கலை.

உறையூரான்: சார், 2016 ஜனவரி 1லிருந்து மத்திய அரசு குரூப் சி, அதாவது கிளார்க் மாதிரி வேலைக்கு நேர்முகமே கிடையாது. ஐபிபிஎஸ் தேர்வு வழியா எடுக்கிற பேங்க் பி.ஓ., அதாவது ஆபீசர் வேலைக்குக்கூட எழுத்துக்கு 80, நேர்முகத்துக்கு 20ங்கிற விகிதம்தான். அந்த 20ல சாக்ஸுக்கு எவ்வளவு?

முன்னாள் எச்ஆர்: அரைகுறையா படிச்சா இப்படித்தான். அதே பி.ஓ. நேர்முகத்துல பொதுப் பிரிவுக்கு 100க்கு 40 எடுக்கலைன்னா, எழுத்துல எவ்வளவு வாங்கியிருந்தாலும் வெளியதான். அந்த 40 எங்கேருந்து வரும்? தாடியைப் பத்தி இங்க நடந்த விவாதத்துலயும் இதே மாதிரி ஒரு கணக்கைச் சொல்லிட்டு பாதியில ஓடினவர்தானே நீங்க?

உறையூரான்: ஓடலை. வீட்ல கரண்ட் போச்சு.

எட்டு அரியர்: நாலு நாளாவா?

வேட்டிக்கட்டு: 2014ல சென்னையில வேட்டி கட்டிட்டு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே கிரிக்கெட் கிளப்ல உள்ள விடலை. அந்த வருஷமே வேட்டி கட்டினவங்களைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டமன்றத்துல சட்டம் கொண்டு வந்தாங்க. நீங்க இன்னும் சாக்ஸ் நிறத்துலயே நிக்கறீங்க!

முன்னாள் எச்ஆர்: அந்தச் சட்டம் கிளப், மண்டபம் மாதிரி இடங்களுக்கு. இன்டர்வியூவுக்கு இல்லை.

வேட்டிக்கட்டு: 2019ல தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை உத்தரவுல வேட்டியும் உண்டு. வேட்டிக்கு சாக்ஸே வேண்டாம். உங்க பிரச்சினையும் தீர்ந்துது.

கோவைக்காரி: இவ்வளவும் ஆம்பளைங்க காலைப் பத்தியே ஓடுது. என்கிட்ட ஒரு இடத்துல "ஏன்மா பொட்டு வைக்கலை"ன்னு கேட்டுட்டு அப்புறம்தான் சர்டிஃபிகேட்டையே கையில வாங்கினாங்க. இதுக்கு என்ன விதி சார்?

முன்னாள் எச்ஆர்: மேடம், சுடிதாருக்கு சாக்ஸ் விதி பொருந்தாது.

கோவைக்காரி: கடவுளே.

எட்டு அரியர்: எனக்கு எல்லாம் ஜூம்லதான். மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ லுங்கி. இன்ஃபோசிஸ்லயே 2015ல ஃபார்மல் கட்டாயமில்லைன்னுட்டாங்க. நம்ம சார் மட்டும் குனிஞ்சு கணுக்காலையே பார்த்துட்டு இருக்கார்.

முன்னாள் எச்ஆர்: வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தளர்த்தினா, வாசல்ல நிக்கிறவனுக்கும் தளர்த்தினதா அர்த்தமா? எட்டு அரியர் வச்சிருக்கிறவர் அதை முதல்ல முடிக்கட்டும். உறையூரார்கிட்ட ஒரே கேள்வி: தம்பிக்கு அந்த வேலை கிடைச்சுதா?

உறையூரான்: அது இங்க முக்கியமில்லை.

முன்னாள் எச்ஆர்: பார்த்தீங்களா.

உறையூரான்: வெல்டிங்ல ஒரு கேள்வி கேட்டாங்க, முழிச்சிட்டான். சாக்ஸை யாரும் பார்க்கக்கூட இல்லை.

முன்னாள் எச்ஆர்: பார்த்ததை உங்க தம்பிகிட்டச் சொல்லுவாங்களா?

எட்டு அரியர்: சார், பேன்ட் நிறத்துக்குத்தானே சாக்ஸ்? அப்ப வெள்ளை பேன்ட்டுக்கு வெள்ளை சாக்ஸ் சரியா?

முன்னாள் எச்ஆர்: வெள்ளை பேன்ட்ல எவன் இன்டர்வியூவுக்கு வருவான்?

ஆம்பூர்: எங்கப்பா போனார். 1986. வேலையும் கிடைச்சுது. 30 வருஷம் பார்த்துட்டு ரிட்டயர் ஆனார்.

முன்னாள் எச்ஆர்: சாக்ஸ் என்ன கலர்?

ஆம்பூர்: செருப்பு சார்.

முன்னாள் எச்ஆர்: செருப்போட போனவங்களை எல்லாம் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து விளக்கமா எழுதறேன், உறையூரார் கரண்ட் இருந்தா இருக்கட்டும்.