பொருள்: "முன்செறிவூட்டல்" வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பவர்:

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கையேட்டின் தமிழாக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். சோயா, பட்டாணிப் புரதங்களைக் கொண்டு இறைச்சி போலவே செய்து விற்கும் உணவுகளில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சோதிப்பது பற்றிய கையேடு. படிக்கப்போகிறவர்கள் ஆய்வக உதவியாளர்கள். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது: சோதனையின் முதல் படிநிலையான ப்ரீ-என்ரிச்மென்ட்.

என்ரிச்மென்ட்டுக்குச் செறிவூட்டல் பழகிய சொல்தானே என்று முன்செறிவூட்டல் என்று போட்டேன். ஆனால் இந்த உணவுகள் பலவற்றில் பி12, இரும்புச்சத்து சேர்க்கிறார்கள். அதற்கும் நாம் செறிவூட்டல் என்றுதான் சொல்கிறோம். இப்போது என் வரைவில் இப்படி ஒரு வரி நிற்கிறது: "செறிவூட்டிய மாதிரியை முன்செறிவூட்டிய பின் செறிவூட்டுக." எனக்கே சிரிப்பு வந்தது. உதவியாளர் சிரிக்க மாட்டார், குடுவையில் வைட்டமினைக் கொட்டுவார்.

கணினித் துறை உறுப்பினர்:

சொல்லுக்கு முன் ஒரு சின்னச் சந்தேகம். இறைச்சியே இல்லாத உணவில் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிக்கு என்ன வேலை?

நுண்ணுயிரியல் ஆசிரியை:

முதல் வகுப்பில் வருஷா வருஷம் வரும் கேள்வி இது. புரத மாவை அழுத்தச் சூட்டில் பிதுக்கும்போது பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்துவிடும். பேசில்லஸ் சீரியஸ் மாதிரி வித்து உண்டாக்குபவை தப்பிப் பிழைக்கலாம். அதைவிடப் பெரிய கவலை அதற்குப் பின்னால்தான். ஆறிய பிறகு மசாலாத்தூள் கலக்கிறார்கள், வெட்டுகிறார்கள், பொதிகிறார்கள். ஈரம் நிறைய, புளிப்பு கிட்டத்தட்ட இல்லை. எது புகுந்தாலும் அதற்கு நல்ல வீடு. லிஸ்டீரியா என்ற கிருமிக்குக் குளிர்பெட்டியின் 4 டிகிரி கூடத் தடையில்லை. கனடாவில் 2024இல் லிஸ்டீரியா பரவி உயிரிழப்பு வரை போனது தாவரப் பால் வகைகளால்தான்.

இனி அந்தப் படிநிலை. சால்மொனெல்லா சோதனைக்கு 25 கிராம் மாதிரியை 225 மி.லி. பெப்டோன் நீரில் (புரதச்சத்துக் கரைந்த நீர்) கரைத்து, உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் சுமார் 18 மணி நேரம் வைப்போம். காரணம், சூட்டிலும் உலர்விலும் அடிபட்ட கிருமி சாகாமல் குற்றுயிராகக் கிடக்கும். எடுத்த எடுப்பில் மற்ற பாக்டீரியாக்களைத் தடுக்கும் மருந்து கலந்த வளர்ப்பு ஊடகத்தில் போட்டால் நாம் தேடுவதும் சேர்ந்து செத்துப்போகும். "இல்லை" என்று சான்று கொடுத்துவிடுவோம், கிருமி பொட்டலத்தில் இருக்கும். ஆகவே முதலில் எந்தத் தடையும் இல்லாத நீரில் அதற்குச் சோறு போட்டு எழுப்ப வேண்டும். இதில் செறிவும் இல்லை, ஊட்டலும் பாதிதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நீங்கள் சொன்னதிலேயே சொல் இருக்கிறது. குற்றுயிராகக் கிடந்தவர் எழுந்தால் "தேறிவிட்டார்" என்கிறோம். தேறு தன்வினை, தேற்று பிறவினை. எனவே இந்தப் படிநிலை தேற்றல், அந்த நீர் தேற்றுநீர்.

இன்னும் ஓர் அழகு பாருங்கள். ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன ஐந்து பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது உறுதி. சோதனையின் நோக்கமும் உறுதிதானே? ஒரே வேரில் பிழைப்பதும் உண்டு, உறுதி செய்வதும் உண்டு. தேற்றா மரத்தின் கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரைத் தெளியவைப்பார்கள். கலித்தொகையில் அது உவமையாகவே வருகிறது. சங்கப் பாடல்களில் தேறல் என்றால் தெளிந்த கள்.

வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். கையேட்டின் தலைப்பில் "இறைச்சியற்ற" என்று இருப்பது எனக்கு ஒப்பவில்லை. தொல்காப்பியத்தில் இறைச்சி என்பது கருப்பொருளின் வழியே குறிப்பாகத் தோன்றும் பொருள். இறைச்சியற்ற உணவு என்றால் உட்பொருள் இல்லாத உணவு என்று ஆகிவிடுமே! வள்ளுவர் ஆண்ட ஊன் என்ற சொல் இருக்க, "ஊனில் உணவு" என்று ஏன் சொல்லக்கூடாது?

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, "ஊனில் உணவு" என்றால் ஊனுக்குள் உணவு என்றும் படிக்கலாம். தலைப்பை விட்டுவிடுங்கள், அது ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டது.

ஆசிரியை:

தேற்றல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உவமை தலைகீழாக நிற்கிறது. தேற்றினால் நீர் தெளியும் என்கிறீர்கள். எங்கள் பையில் உணவைக் கரைத்த உடனேயே கலங்கல்தான். கிருமி பெருகினால் இன்னும் கலங்கும். அப்புறம், வகுப்பில் "மாதிரியைத் தேற்றுக" என்றால் பிள்ளைகள் அதற்கு ஆறுதல் சொல்வார்கள்.

தனித்தமிழ் அன்பர்:

எல்லோரும் கிருமி, கிருமி என்கிறீர்களே, அது வடசொல். நுண்ணுயிர் என்றால் என்ன குறை?

ஆசிரியை:

குறை இருக்கிறது. நுண்ணுயிர் எல்லாம் நோய் தருவதில்லை. நொதிக்க வைத்துச் செய்யும் உணவில் நல்ல நுண்ணுயிர் கோடிக்கணக்கில் இருக்கும், இருக்கவும் வேண்டும். "நுண்ணுயிர் கண்டால் சரக்கை நிராகரி" என்று எழுதினால் நல்ல சரக்கும் குப்பைக்குப் போகும்.

தனித்தமிழ் அன்பர்:

அப்படியானால் நோயாக்கி என்று எழுதுங்கள். சரக்கை "நிராகரி"க்காமல் "தள்ளு"ங்கள்.

மொழிபெயர்ப்பவர்:

நோயாக்கி நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். தள்ளுவதையும் எடுத்துக்கொள்கிறேன். இப்போது புதன்கிழமை இரவு.

கணினித் துறை உறுப்பினர்:

ப்ரீ-என்ரிச்மென்ட் என்றே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன? ஆய்வகத்தில் வாயால் அப்படித்தானே சொல்கிறார்கள்?

ஆசிரியை:

சொல்கிறார்கள், ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே சொல்கிறார்கள். அதுதான் என் வருத்தம். அவசரம் என்று 18 மணியைப் பத்து மணியாக்கிவிட்டு முடிவு எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். பெயரிலேயே காரணம் தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும். இந்த உணவுகளில் போடும் மசாலாவும் சும்மா இருக்காது. பூண்டும் வெங்காயமும் கிருமி வளர்வதைத் தடுக்கும். வெறும் கிராம்புத்தூளைச் சோதிக்கும்போது பத்து மடங்குக்குப் பதில் ஆயிரம் மடங்கு நீர்க்கச் சொல்வது அதனால்தான். எழுப்புவதே இந்தப் படிநிலையின் வேலை என்று புரிந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நானே ஒரு முட்டுக்கட்டையும் போட வேண்டியிருக்கிறது. லிஸ்டீரியா சோதனையில் முதல் படியிலேயே அரை ஃப்ரேசர் ஊடகம் வரும். அதில் தடைமருந்து பாதி அளவு உண்டு. அங்கே தேற்றல் முழுசாகப் பொருந்தாது. ஒரு கையால் தடவிக் கொடுத்து மறுகையால் கிள்ளுவது மாதிரி. இரண்டு சோதனைக்கும் பொதுவாக வேண்டுமென்றால் முன்வளர்ப்பு என்று வைக்கலாம். வளர்ப்பு என்பது கல்ச்சருக்கு ஏற்கனவே இருக்கும் சொல்.

மொழிபெயர்ப்பவர்:

முன்வளர்ப்பு சரி. அடுத்து, மற்றவற்றைத் தடுத்துத் தேடும் கிருமியை மட்டும் வளர்க்கும் செலக்டிவ் என்ரிச்மென்ட்டுக்குத் தேர்வளர்ப்பு என்று வைக்கலாமா?

தனித்தமிழ் அன்பர்:

வினைத்தொகை, நன்று.

கணினித் துறை உறுப்பினர்:

நான் தேரை வளர்ப்பு என்று படித்தேன். தவளை இனம்.

ஆசிரியை:

இலங்கைத் தமிழில் தெரிவு என்று புழங்குகிறதே, தெரிவு வளர்ப்பு என்று போடுங்கள். கண்ணுக்கும் தெரியும்.

மொழிபெயர்ப்பவர்:

நன்றி. முன்வளர்ப்பு, தெரிவு வளர்ப்பு இரண்டையும் கோப்பில் மாற்றிவிட்டேன். செறிவூட்டல் இனி வைட்டமினுக்கு மட்டும். முன்வளர்ப்புக்கு நான்கு பேர் சரி என்றார்கள், அதில் இரண்டு பேர் "முடித்தால் போதும்" என்றும் சேர்த்து எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என்னை எதிர்ப்பில் எழுதிக்கொள்ளுங்கள். முன் என்பது காலத்தைத்தான் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. பத்து மணியில் நிறுத்தியவரை எந்தச் சொல் தயங்க வைக்கும் என்று அம்மாவே யோசிக்கட்டும். லிஸ்டீரியாவுக்கு வேண்டுமானால் அரைத்தேற்றல் என்று வையுங்கள்.

ஆசிரியை:

அரைத்தேற்றல்! ஐயா, இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?

மொழிபெயர்ப்பவர்:

கோப்பு போய்விட்டது.