தேக்கில் 1×12 கிட்டார் காம்போ ஆம்ப் பெட்டி: மூலை இணைப்பு, முன்பலகை, பாலிஷ் (கேள்வி-பதில் உரையாடல்)

புதுப்பெட்டி:
12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் 15 வாட் டியூப் கிட்டார் ஆம்பும் (ஒலிபெருக்கி) ஒன்றாக உட்காரும் பெட்டி. வெளி அளவு: அகலம் 500, உயரம் 450, ஆழம் 260 மி.மீ. பலகை 18 மி.மீ. தேக்கு. ரெக்ஸின் ஒட்டப்போவதில்லை, மரம் மரமாகவே தெரிய வேண்டும். மூலைகளை 45 டிகிரியில் வெட்டிப் பசை போட்டால் தாங்குமா? ஸ்பீக்கர் மாட்டும் முன்பலகையையும் தேக்கிலேயே போடலாமா? துண்டுப் பலகை ஒன்றில் பாலியூரிதேன் வார்னிஷ் அடித்துப் பார்த்தேன்; மூன்று நாளாகியும் விரல் வைத்தால் ஒட்டுகிறது. என்ன காரணம்?

இழைப்புளி:
45 டிகிரி வெட்டு வேண்டாம். அங்கே பலகையின் தலைப்பகுதியோடு (நார் வெட்டுப்பட்ட முனை) தலைப்பகுதிதான் ஒட்டுகிறது. பசையை மரம் உறிஞ்சிவிடும், பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் மூலை பிளக்கும். ஃபிங்கர் ஜாயிண்ட் (கோத்த விரல்கள்போல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பு) போடுங்கள். 260 மி.மீ. ஆழத்துக்கு 20 மி.மீ. வீதம் சரியாக 13 விரல்கள் வரும். ஒற்றைப்படையாக இருப்பதால் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே மாதிரி முடியும். விரல் நீளத்தை 18.5 ஆக வெட்டி, ஒட்டிக் காய்ந்தபின் அந்த அரை மில்லிமீட்டரை இழைத்து எடுங்கள். வெட்டும்போது பின்னால் ஒரு கழிவுப் பலகை வைக்காவிட்டால் சிம்பு பெயரும்.

ரேகை (மரநார் ஓடும் திசை) பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும், நான்கு பலகைகளிலும். முழுமரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் 260 மி.மீ. தேக்குப் பலகை அகலத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. வரை மாறும். நான்கு பலகையும் சேர்ந்து ஒரே திசையில் அசைவதால் பெட்டிக்குச் சேதமில்லை, ஆழம் மட்டும் கொஞ்சம் கூடும் குறையும். அந்த அசைவைக் கட்டிப்போட்டால்தான் வினை. உள்ளே முன்னிருந்து பின்னாக ஒரு சட்டத்தைப் பசை வைத்து ஒட்டினால், மழைக்காலம் போய் வெயில் வந்ததும் பலகை பிளந்துவிடும். முன்பலகையைத் தாங்கும் சட்டங்கள் ரேகையோடு ஓடுபவை, அவற்றை ஒட்டலாம்.

முன்பலகைக்குத் தேக்கு வேண்டவே வேண்டாம். முழுமரத்தில் அவ்வளவு பெரிய வட்டம் வெட்டினால் ஓரங்களில் ரேகை குட்டையாகி, ஸ்பீக்கரை இறுக்கும்போதே விரிசல் விடும். விரியும்போது பெட்டியின் மூலைகளையும் நெம்பும். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட்தான் சரி. உள்ளளவு 464×414 வரும். 462×412 வெட்டி, சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குத் துளையின் விட்டம் 283 மி.மீ. ஆனாலும் உங்கள் ஸ்பீக்கரின் அளவுத்தாளைப் பார்த்தபின்தான் துளை வெட்டும் ரூட்டர் கருவியை எடுக்க வேண்டும். மாட்டுவதற்கு எம்5 டீ-நட் (பலகைக்குள் பதிக்கும் பல் வைத்த நட்). போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பீக்கர் சட்டம் வளையும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) உரசும்.

பசை: தேக்கில் எண்ணெய் இருப்பதால் இழைத்த அன்றே, அசிட்டோன் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டுங்கள். நான்கு மூலை, அத்தனை விரல். வெள்ளைப் பசை பாதியிலேயே பிடித்துக்கொள்ளும். மெதுவாக இறுகும் எபாக்ஸி (இரண்டைக் கலந்து போடும் பசை) நல்லது. கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் 673 மி.மீ. அளவில் சமமாக வர வேண்டும். 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தில் ஒரு கிளாம்ப் போட்டு இழுத்துவிடுங்கள்.

அரக்குப் பூச்சு:
பாலியூரிதேன் காயாமல் விரலில் ஒட்டுவதற்குக் காரணமும் தேக்கிலுள்ள அதே எண்ணெய்தான். எண்ணெய் அடிப்படையிலான பாலியூரிதேன் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துத்தான் இறுகும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் உள்ள பொருள்கள் அதைத் தடுக்கின்றன. எத்தனை நாள் வைத்தாலும் அது காயாது. சுரண்டி எடுத்து, அசிட்டோனில் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு இரண்டு பூச்சு கொடுங்கள் (ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 125 கிராம்). அதன்மேல் பாலியூரிதேன் அடித்தால் ஒழுங்காகக் காயும். மெழுகு உள்ள அரக்கு என்றால் மேல்பூச்சு உரியும், வாங்கும்போது கவனம்.

உப்புத்தாள் 120, 150, 180, 220 என்று வரிசையாகப் போங்கள், இடையில் தாவ வேண்டாம். விரல்களின் தலைப்பகுதியை மட்டும் 320 வரை தேயுங்கள். இல்லையென்றால் பூச்சை அதிகம் குடித்து மூலைகள் கருத்துத் தெரியும். அரக்குக்கு முன் பெட்டி முழுவதும் டர்பென்டைன் தடவி, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பசை வழிந்த இடம் வெளிறித் தெரியும். அதை அப்போதே சுரண்டிவிடுங்கள். பாலிஷுக்குப் பிறகு என்றால் எல்லாவற்றையும் கிளற வேண்டிவரும்.

உட்புறத்துக்கும் ஒரு பூச்சு கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கம் ஈரம் இழுத்துப் பலகை கிண்ணம்போல் வளையும். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துவதாக இருந்தால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

டியூப் வெளிச்சம்:
சேசிஸ் (ஆம்பின் பாகங்கள் இருக்கும் உலோகப் பெட்டி) பற்றி யாரும் சொல்லவில்லை. மேற்பலகையில் தொங்கவிடும் போல்ட் துளைகளை 1 மி.மீ. பெரிதாகத் துளையிட்டு, அகல வாஷர் போடுங்கள். மரம் அசைய அதுதான் வழி. சேசிஸின் திறந்த பக்கம் மேல்நோக்கி இருந்தால் மேற்பலகையின் அடியில் அலுமினியத் தகடு ஒட்டி, அது சேசிஸைத் தொடும்படி செய்யுங்கள். இல்லையேல் ஹம் (ரீங்கார இரைச்சல்) வரும். ஆம்பை வெளியே எடுக்கும்போது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் அதில் நிற்கும்.

கைப்பிடிக்கு மர ஸ்க்ரூ போதாது. வெறும் பெட்டியே கிட்டத்தட்ட 6 கிலோ. ஸ்பீக்கரும் டிரான்ஸ்பார்மர்களும் சேர்ந்தால் எம்6 போல்ட், உள்ளே வாஷர் என்று போவதுதான் பத்திரம். எல்லாம் மாட்டியபின் ஆம்ப் வழியே ஒற்றைச் சுர ஒலி (டோன்) விட்டு, 80 ஹெர்ட்ஸிலிருந்து 500 வரை மெதுவாக ஏற்றுங்கள் (கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82). எங்கே கடகடக்கிறதோ அங்கே விரலை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்பீக்கரை மூடும் துணிச் சட்டமாக இருக்கும். அதன் பின்னால் ஃபெல்ட் (கம்பளித் துணி) பட்டை ஒட்டினால் நின்றுவிடும்.

புதுப்பெட்டி:
நன்றி. பின்பலகை மட்டும் தேக்கில் வரலாமா?

இழைப்புளி:
வரலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று, ரேகை கிடைமட்டமாக, நடுவில் 150 மி.மீ. திறப்பு. ஸ்க்ரூத் துளைகளை மேலும் கீழுமாக நீளவாக்கில் வெட்டி விடுங்கள், பசை வேண்டாம்.