பாத்ரூம் குழாயில் ஷாக்: ஜி.ஐ. பைப்பை எர்த்தில் கட்டினால் போதுமா?

பழையவீடு:
வீட்டுக்கு முப்பது வயது, பாத்ரூமில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்தான். 2 கிலோவாட் கீசர் ஓடும்போது ஈரக்கையோடு குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. பைப்பில் ஒரு கம்பியைச் சுற்றி எர்த்தில் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். டிபியில் (மின் விநியோகப் பெட்டி) எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) மட்டும்தான், ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்தால் விழும் சுவிட்ச்) இல்லை. அவர் சொல்வது போதுமா? என்ன கம்பி போடுவது?

கம்பிவேலை:
போதாது சார். கீசர் பிளக்கை இப்போதே பிடுங்கிவிடுங்கள். காரணம் தெரியும்வரை அந்தக் குழாயை யாரும் தொட வேண்டாம்.

பிடுங்கிய கீசர் பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களைச் சேர்த்து, எர்த் பின்னுக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்) போயிற்று, மாற்ற வேண்டியதுதான். ஆனால் எலிமென்ட் கசிந்தால் மட்டும் குழாயில் ஷாக் வந்துவிடாது. எர்த்தும் எங்கோ விட்டுப்போயிருக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட்டின் எர்த் துளையிலிருந்து டிபியின் எர்த் பார் (எர்த் கம்பிகள் சேரும் உலோகப் பட்டை) வரை எத்தனை ஓம் என்று பாருங்கள். ஒரு ஓமைத் தாண்டினால் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது.

கீசரில் கோளாறு இல்லையென்றால் போர் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். சப்மெர்சிபிள் கசிந்தால் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் குழாயில் ஷாக் வரும்.

இனி அந்தக் கம்பி விஷயம். நம் வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது நாமே தோண்டிய குழிதான். அது 5 ஓம் என்று நல்ல நிலையில் இருந்தாலும் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 100 முதல் 200 ஆம்பியர் வேண்டும். கோடையில் குழி காய்ந்து 30 ஓம் ஆனால் 8 ஆம்பியர்கூட வராது, எம்சிபி விழவே விழாது. அவ்வளவு நேரமும் பைப், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று அந்த எர்த்தில் இருக்கும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய 200 வோல்ட் நிற்கும். பாத்ரூமோடு இருந்த ஆபத்து வீடு முழுக்கப் பரவும். அதனால் முதல் செலவு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்சிசிபிக்கு.

பழையவீடு:
ஆர்சிசிபி போட்டபின் பைப்பை இணைக்கத் தேவையில்லையா?

ஓம்_சட்டம்:
தேவைதான். பக்கத்து வீட்டுக் கசிவு பொதுப் பைப் வழியாக வந்தால் உங்கள் ஆர்சிசிபிக்கு அது தெரியாது. குழாயும் ஷவரும் கீசர் உடலும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால்தான் அவற்றில் இரண்டைச் சேர்த்துத் தொடுபவர் தப்பிப்பார்.

பைப் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வால்வுக்கு உள்பக்கம் கிளாம்ப் போடுங்கள். அங்கிருந்து டிபி எர்த் பாருக்கு 6 சதுர மி.மீ. பச்சை நிறத் தாமிரக் கம்பி, நடுவில் ஒட்டுப்போடாமல். பாத்ரூமுக்குள் வெந்நீர், தண்ணீர் பைப்புகளையும் கீசர் எர்த்தையும் இணைக்க 4 சதுர மி.மீ.; கான்டியூட்டுக்குள் (கம்பியைக் காக்கும் பைப்) போனால் 2.5 போதும். கம்பியைச் சுற்றி முறுக்குவது வேலையே அல்ல, ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். பெயின்ட், துரு போகத் தேய்த்துவிட்டு, கம்பி நுனியில் டின் பூசிய லக்கை (துளையுள்ள உலோக முனை) அழுத்திக் கிரிம்ப் செய்து கிளாம்பில் இறுக்குங்கள். வெறும் தாமிரம் ஈரத்தில் ஜி.ஐ.யைத் தொட்டால் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். அதனால் காய்ந்த இடமாக, பிறகு கை எட்டும் இடமாகப் பாருங்கள். சுவருக்குள் புதைக்காதீர்கள்.

சிபிவிசி_பிரியர்:
நடுவில் சிபிவிசி (பிளாஸ்டிக் பைப்) போட்டு மாற்றிய வீடுகளில் மீதி இரும்புத் துண்டையும் கட்ட வேண்டுமா?

ஓம்_சட்டம்:
அளந்து முடிவு செய்யுங்கள். மெயினை அணைத்துவிட்டு அந்தத் துண்டுக்கும் எர்த் பாருக்கும் இடையே மெகர் வையுங்கள். 22 கிலோ ஓமுக்கு மேல் இருந்தால் அது வெளியிலிருந்து மின்னழுத்தம் கொண்டுவரும் துண்டல்ல, விட்டுவிடலாம். பிளாஸ்டிக்கில் தொங்கும் ஒற்றைக் குழாயை எர்த்தில் கட்டினால், இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்குகிறோம்.

கம்பிவேலை:
சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருந்தால் முதலில் அவிழ்த்துவிடுங்கள் சார். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பேஸ் கீசர் வழியாகவே எர்த்துக்கு வந்து பைப் முழுக்க நிற்கும். இதை ஆர்சிசிபி மாட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்; இல்லாவிட்டால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், வந்தவர் 'ஆர்சிசிபி சரியில்லை' என்று கழற்றிவிட்டுப் போய்விடுவார்.