5 ரூபாய் குறைத்தும் 'வாங்கு' பட்டன் பெரிய கடைக்கே போகுது, என்ன செய்யலாம்?

சென்னிமலைத்தறி:
ஆன்லைன் விற்பனைத் தளத்தில் டபுள் பெட்ஷீட் விற்கிறேன், என் விலை 445 ரூபாய். அதே பக்கத்தில் பெரிய விற்பனையாளர் 450. ரேட்டிங் ஒன்றுதான். ஆனாலும் 'வாங்கு' பட்டனை அழுத்தினால் ஆர்டர் அவருக்கே போகுது. இதற்குமேல் இறக்கினால் கட்டுப்படியாகாது.

நூல்கண்டு:
இறக்காதீங்க, அவரும் இறக்குவார். அவர் சரக்கு தளத்தின் குடோனிலேயே இருக்கும். நாளைக்கே டெலிவரி காட்டும். உங்களுக்கு நாலு நாள். அங்கேதான் தோற்கிறீங்க. பல விற்பனையாளர்கள் பகிரும் பொதுப் பக்கத்தை விட்டு சொந்த பிராண்டில் தனிப் பக்கம் போடுங்க. டிரேட்மார்க்குக்கு படிவம் டிஎம்-ஏ, வகுப்பு 24 (துணி, பெட்ஷீட் வகை). தனிநபருக்கும் உத்யம் சான்றுள்ள (அரசின் சிறுதொழில் பதிவு) சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

பார்சல்பாண்டி:
பேக்கிங் அளவு என்ன?

சென்னிமலைத்தறி:
35×28×10 செ.மீ., எடை 900 கிராம்.

பார்சல்பாண்டி:
காசு போகிற ஓட்டை இதுதான். நிஜ எடை, பெட்டி அளவில் வரும் எடை இரண்டில் அதிகமானதற்குத்தான் கூரியர் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 1.96 கிலோ. 900 கிராம் சரக்குக்கு 2 கிலோ கூரியர் கட்டறீங்க! காற்றை வெளியேற்றி உயரத்தை 5 செ.மீ. ஆக்குங்க, 0.98 கிலோ வரும். டேப்பும் தராசும் தெரிய போட்டோ எடுத்து வையுங்க. எடை அதிகம்னு கட்டணம் போட்டால் தகராறில் அதுதான் பேசும்.

கணக்கர்:
ஜிஎஸ்டியில் உங்க விற்பனைத் தொகையிலிருந்து தளம் பிடிக்கும் 0.5% வரியை (டிசிஎஸ்) மாதாமாதம் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால்தான் கேஷ் லெட்ஜருக்கு (அங்குள்ள உங்க பணக் கணக்கு) வரும். பலர் அப்படியே விட்டுடறாங்க. 2019 பிப்ரவரி 1 முதல், அந்நிய முதலீடுள்ள தளம் எந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கிறதோ, அந்த நிறுவனம் அந்தத் தளத்தில் தன் பொருளை விற்க முடியாது.