சார்லட் வானில் கண்ட பலூனும் 1948இல் உயிரிழந்த விமானியும்

வானில் இன்னதென்று விளங்காத பொருள்களைப் பார்த்த நண்பர்கள் இங்கே எழுதியவற்றை எல்லாம் பொறுமையாகப் படித்தேன். நான் பார்த்த பொருள் எதுவென்று பார்க்கும்போதே எனக்குத் தெரியும். ஆயினும், அமெரிக்க விமானப்படை தொடக்கக் காலத்தில் நடத்திய பறக்கும் தட்டு விசாரணைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு, ஏட்டில் படித்த ஒரு வழக்கைக் கண்ணால் விளங்கிக்கொள்ளும் வாய்ப்பை அந்தக் காலைப் பொழுது தந்ததால் அதைப் பகிர்கிறேன்.

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை. வட கரோலினாவின் சார்லட் நகரில் எங்கள் தெருவே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள்களுக்கு முன் மொன்டானாவில் தென்பட்ட சீனப் பலூன் எங்கள் பக்கம் வருவதைத் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. நீல வானத்தில் பகல் நிலவைப் போல வெளிறிய ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அது நகர்கிறதா என்பதே வெறுங்கண்ணுக்குப் புலப்படவில்லை. கூரையின் விளிம்போடு ஒட்டிவைத்துச் சில நிமிடம் பார்த்த பிறகே நகர்வது தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அது பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் இருக்கும் என்றார். அவருடைய மனைவி அதைவிடத் தாழ்வாக இருக்கிறது என்றார். உண்மையில் அது ஏறத்தாழ 60,000 அடி உயரத்தில், பயணிகள் விமானங்களுக்கும் வெகு மேலே மிதந்துகொண்டிருந்தது. பலூன் மேலிருந்து கீழ்வரை சுமார் 200 அடி இருக்கும் என்று இராணுவம் பின்னர் அறிவித்தது. அது மிதக்கும் உயரத்தைச் செய்தியில் கேட்டிருந்தும் என் கண்ணால் அதை அங்கே காண முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அருகில் ஒரு மரமோ மேகமோ இல்லாத வானத்தில், தொலைவையும் பருமனையும் கண் அளப்பதில்லை. மனம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை ஊகித்துக்கொள்கிறது.

அன்று பிற்பகல் தென் கரோலினாக் கடற்கரைக்கு அப்பால் எஃப்-22 போர்விமானம் ஓர் ஏவுகணையால் அதை வீழ்த்தியது. அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நினைவில் நின்றவர் கேப்டன் தாமஸ் மான்டெல்.

1948 ஜனவரி 7 அன்று கென்டக்கி மாநிலத்தில் ஃபோர்ட் நாக்ஸ் அருகே உள்ள காட்மன் விமானத்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் வானில் ஒரு வெண்ணிறப் பொருளைக் கண்டார்கள். தளத்தின் தலைவரான கர்னல் ஹிக்ஸும் தொலைநோக்கியால் அதைப் பார்த்தார்; முழு நிலவில் கால் பங்கு அளவு இருக்கும் என்று அவர் விவரித்தார். அவ்வழியே பறந்துகொண்டிருந்த நான்கு எஃப்-51 மஸ்டாங் விமானங்களின் தலைவரான மான்டெலிடம் அதை நெருங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவருக்கு வயது 25. இரண்டாம் உலகப்போரில் நார்மண்டித் தரையிறக்கத்தில் பங்கேற்று விருது பெற்றவர். நால்வரில் ஒருவர் எரிபொருள் குறைவால் பிரிந்து சென்றார். மற்ற இருவர் ஏறத்தாழ 22,000 அடியில், ஆக்சிஜன் போதாமையால் திரும்பினார்கள். மான்டெல் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போனார். அவர் நினைவிழக்க, அவருடைய விமானம் சுழன்று விழுந்து ஃபிராங்க்ளின் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் நொறுங்கியது.

ஆக்சிஜன் இல்லாமல் அந்த உயரத்துக்கு ஏறியது விதிமீறல் என்று எழுதியவர்கள் உண்டு. அது சரிதான். ஆனால் அந்தப் பொருள் இன்னும் கொஞ்சம் ஏறினால் எட்டிவிடும் தொலைவில் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும் என்பதை, எங்கள் தெருவில் நின்று அந்தப் பொட்டைப் பார்த்த பிறகு நான் உறுதியாக நம்புகிறேன்.

விசாரணை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 24 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையருகே காணாமற்போன இராணுவ விமானம் ஒன்றைத் தேடிப் பறந்த கென்னத் ஆர்னால்டு, ஒன்பது பொருள்கள் அதிவேகமாகச் சென்றதைக் கண்டதாகச் சொன்னார். பறக்கும் தட்டு என்ற பெயரே அதன் பிறகு செய்தித்தாள்கள் பரப்பியது. செப்டம்பரில் விமானப்படை ஜெனரல் நேதன் ட்வைனிங் தமது குறிப்பில், சொல்லப்படும் நிகழ்வு உண்மையானதே, கற்பனை அன்று என்று எழுதினார். அதன் விளைவாக 1948 ஜனவரியில் ஒஹாயோவின் டேட்டன் நகர விமானத்தளத்தில் 'சைன்' என்ற விசாரணைத் திட்டம் தொடங்கியது. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வடிவமைப்புகளைக் கொண்டு சோவியத் ஒன்றியம் புதுவகை விமானம் செய்துவிட்டதோ என்பதே அவர்களுடைய முதல் கவலை.

மான்டெல் துரத்தியது வெள்ளிக் கோள் என்ற விளக்கம்தான் முதலில் வந்தது. பட்டப்பகலில் வெள்ளி தெரிந்தாலும் ஊசிமுனைப் புள்ளியாகத்தான் தெரியும். பலர் ஒரே நேரத்தில் குடை போலவும் கூம்பு போலவும் விவரித்த பருமனான பொருளுக்கு அது பொருந்தாது. இறந்துபோன ஓர் இளைஞரின் பேரில் இப்படி ஒரு விளக்கத்தை ஒட்டிவைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், விசாரணைப் பொறுப்பை ஏற்ற கேப்டன் எட்வர்டு ரப்பெல்ட், வானியலாளர் ஆலன் ஹைனெக்கின் உதவியோடு கோப்பை மறுபடி திறந்தபோதுதான் 'ஸ்கைஹுக்' என்ற பெயர் வெளியே வந்தது. கடற்படை மிக உயரத்தில் மிதக்கவிட்ட, சுமார் 100 அடி விட்டமுள்ள ஆய்வுப் பலூன் அது. 1948இல் அது இரகசியம்; ஆகவே கோபுரத்தில் இருந்தவர்களுக்கும் துரத்திய விமானிக்கும் அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது. எங்களுக்குத் தொலைக்காட்சி சொல்லிவிட்டது. மான்டெலுக்குச் சொல்ல யாரும் இல்லை. இராணுவத்தின் ஒரு கை மறைத்ததை மற்றொரு கை தேடியது என்பதே அந்தத் தொடக்க ஆண்டுகளைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி.

இது அந்த ஒரு வழக்கோடு நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த தகவல்களில் பல, 60,000 அடிக்கு மேல் பறந்த யு-2 உளவு விமானங்களைப் பார்த்தவை என்று சி.ஐ.ஏ.யின் வரலாற்றாய்வாளர் 1997இல் எழுதினார். அப்போதும் பார்த்தவர்களுக்கு வேறு ஏதோ காரணம் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

'சைன்' திட்டத்துக்குப் பின் 1949இல் வந்த 'கிரட்ஜ்' திட்டம், பார்த்தவர்களையே பழித்தது. கூட்டு மனப்பதற்றம், புரளி, மனநோய் என்ற சொற்கள் அதன் அறிக்கையில் உள்ளன. ரப்பெல்ட் வந்த பிறகு, 1952இல் 'புளூ புக்' என்ற பெயரில் வேலை சீராக நடந்தது. அவர் காலத்தில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர்களின் துணையோடு ஒரு வினாப்படிவம் உருவாயிற்று. பார்த்த பொருள் எத்தனை அடி நீளம் என்று கேட்டு அந்தப் படிவம் நிறுத்திக்கொள்வதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் எந்த நாணயத்தின் அளவுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறது. கண்ணால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை உணர்ந்து எழுதப்பட்ட கேள்வி அது. 1969 டிசம்பரில் திட்டம் மூடப்பட்டபோது 12,618 தகவல்கள் பதிவாகியிருந்தன. 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. அந்த 701ஐ வேற்றுலகத்தாரின் வருகைக்குச் சான்றாகக் காட்டுவோருடன் நான் உடன்படவில்லை. அவற்றைப் பொய் என்று ஒதுக்குவோருடனும் உடன்படவில்லை. பல கோப்புகளில் முடிவு செய்வதற்கான அளவுகளே இல்லை.

ஆகவே, இனி எழுதப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்த்த நேரம், திசை, தொடுவானத்திலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு நேரம், கை நீட்டிப் பிடித்த நாணயத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது என்பவற்றை நினைவு மங்குமுன் குறித்துவையுங்கள். உடன் பார்த்தவர் இருந்தால், இருவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எழுதிவிடுங்கள். அது என்னவாக இருக்கும் என்ற உங்கள் கருத்தைக் கடைசியில் தனியாக எழுதலாம்.