ஹாக்ஸும் விதைநெல்லும்: டிரேட் கால அனுபவங்கள்

மல்கிரேவ், மெல்பேர்ன்

ஆஸ்திரேலிய ஃபூட்டியில் பருவம் முடிந்ததும் ஒக்டோபரில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் காலத்தில், மறக்க முடியாத சந்திப்பு எது என்று ரசிகர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், மற்றவர் என் அப்பா.

நான் 2009 இல் இங்கே வந்தேன். எங்கள் வாடகை வீட்டிலிருந்து வேவர்லி பார்க் நடக்கிற தூரம்தான். ஹாக்ஸ் என்று அழைக்கப்படும் ஹாத்தோர்ன் அணி அப்போது அங்கேதான் பயிற்சி எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர். வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எந்த அணி?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால், மண்ணிறமும் பொன்னிறமும் கலந்த ஒரு கழுத்துச் சால்வை வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படித்தான் நான் ஹாக்ஸ் ஆனேன். 2013, 2014, 2015 மூன்று வருடமும் தொடர்ந்து பிரீமியர்ஷிப், அதாவது சாம்பியன் பட்டம். ஃபூட்டி என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இங்கே ஃபைனல் என்றால் பருவ முடிவில் நடக்கும் இறுதிச் சுற்று ஆட்டங்களில் ஒன்று. 2016 செப்டெம்பரில் ஜீலோங்குக்கு எதிரான ஃபைனலில், சைரன் அடித்த பிறகு எங்கள் ஐசக் ஸ்மித் உதைத்த பந்து விலகிப் போனது. அடுத்த ஃபைனலில் புல்டாக்ஸிடமும் தோற்றோம். ஒக்டோபரில் சாம் மிச்செல் வெஸ்ட் கோஸ்ட் அணிக்குப் போனார், ஜோர்டன் லூயிஸ் மெல்பேர்ன் அணிக்குப் போனார். இருவரும் எங்களோடு நான்கு பிரீமியர்ஷிப் வென்றவர்கள். பதிலுக்கு வந்தவை, புது வீரர்களைத் தெரிவுசெய்வதற்கான பின்வரிசைப் பிக்குகள் மட்டுமே. செய்தி வந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாச் செடிகளுக்குக் கவ்வாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவர், அன்று முழுக்க வெளியே வரவில்லை.

என் அப்பா கிளிநொச்சிக்காரர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். அதற்கு முந்தின வருடம்தான் எங்களோடு இருக்க வந்திருந்தார். "ஏன் தம்பி அந்த ஐயா செத்த வீடு மாதிரி இருக்கிறார்?" என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். இந்த விளையாட்டில் காசு கொடுத்து ஆளை வாங்க முடியாது. ஆளுக்கு ஆள் மாற்றலாம், அல்லது பிக்கைக் கொடுக்கலாம். பிக் என்பது நவம்பரில் நடக்கும் டிராஃப்டில் இளம் பெடியன்களில் ஒருவரைத் தெரிவுசெய்யக் கிடைக்கும் வாய்ப்பு. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தெரிவு. 2015 இலிருந்து அடுத்த வருடப் பிக்கையும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அது விதைநெல் தானே?"

எத்தனையோ பேர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் டிராஃப்டைப் பற்றி விளக்கிக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஹாக்ஸ் விதைநெல்லை மூட்டையோடு கொடுத்தது. சிட்னியிலிருந்து டொம் மிச்செல் வந்தார், கோல்ட் கோஸ்டிலிருந்து ஜேகர் ஓமியரா வந்தார். ஓமியரா முழங்கால் காயத்தால் அதற்கு முந்தின இரண்டு வருடமும் ஒரு ஆட்டம்கூட விளையாடாதவர். எங்களுடைய முதல் டிராஃப்ட் தெரிவு அந்த வருடம் 74 ஆவது. அடுத்த வருடம் 45 ஆவது. அப்பாவிடம் இந்த எண்களைச் சொன்னபோது, "விதைநெல்லை அவிச்சுச் சாப்பிட்டிட்டாங்கள்" என்றார். நான் விடவில்லை. டொம் மிச்செல் 2018 இல் ஒரே ஆட்டத்தில் 54 தடவை பந்தெடுத்தார், லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் வென்றார். அந்த டிரேட் நல்ல டிரேட் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஓமியராவுக்குக் கொடுத்த விலை கூடுதல்தான். அவரைக் குறை சொல்லவில்லை. உச்சியிலேயே இன்னும் கொஞ்சக் காலம் இருக்கலாம் என்ற ஆசைக்குக் கொடுத்த விலை அது.

அப்புறம் 2022. அதே சாம் மிச்செல் இப்போது எங்கள் பயிற்சியாளர். ஓமியரா ஃப்ரீமாண்டிலுக்கு, டொம் மிச்செல் கொலிங்வூட்டுக்கு, ஜாக் கன்ஸ்டன் பிரிஸ்பேனுக்கு. ஒரே ஒக்டோபரில் மூன்று பேரும் போனார்கள். எனக்குப் பிடித்தவர் கன்ஸ்டன். வேலியடியில் நின்று, ஒரு அணியையே கலைக்கிறார்கள் என்று சத்தம் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் 1996 இன் கதையைச் சொன்னார். கிளப்பை மெல்பேர்ன் அணியோடு இணைத்துவிடப் பார்த்த வருடம். கேம்பர்வெல் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு இவரும் போயிருக்கிறார். எங்கள் முன்னாள் கப்டன் டொன் ஸ்கொட் புதிய அணியின் சட்டையைத் தூக்கிக் காட்டி, அதில் ஒட்டியிருந்த பருந்தை உரித்து எடுத்தாராம். மிஞ்சியது வெறும் மெல்பேர்ன் சட்டை. உறுப்பினர்கள் இணைப்பை வாக்களித்துத் தோற்கடித்தார்கள். "அணி கலைவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை" என்றார்.

அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் தன் பங்குக்குச் சொன்னார்: "குளத்தில தண்ணி காணாத வருசம் எல்லாரும் கூட்டம் போட்டு, சிறுபோகத்துக்குக் கொஞ்சக் காணியை மட்டும்தான் விதைப்பம். மற்றதைச் சும்மா விடுறது. சும்மா விடுறதும் ஒரு வேலைதான் எண்டு இந்த ஐயாட்டச் சொல்லு." சொன்னேன். அவர் வேலிக்கு மேலால் கை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

2023 இல் 16 ஆவது இடம். அதே வருடம் டொம் மிச்செல் கொலிங்வூட் சட்டையோடு பிரீமியர்ஷிப் வென்றதைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 இல் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். செப்டெம்பரில் எம்.சி.ஜி. மைதானத்தில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு நடுவில், புல்டாக்ஸை வென்ற இரவு நானும் மகனும் அங்கே நின்றோம். 2021 இல் இடைப்பருவ டிராஃப்டில் எடுத்த ஜாய் நியூகோம், 2022 இல் எடுத்த வெடில், மெக்கென்சி, 2023 இல் எடுத்த நிக் வாட்சன், எல்லாரும் அந்தச் சும்மா விட்ட காணியில் வளர்ந்தவர்கள். பிரிஸ்பேனில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த கன்ஸ்டனும் கூடவே. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் மகளோடு இருக்க ட்ரரால்கனுக்குப் போய்விட்டார். மைதானத்திலிருந்தே அழைத்தேன். எடுத்தார், ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக 2025 ஒக்டோபர். அப்போது எசெண்டன் கப்டனாக இருந்த சாக் மெரெட் எங்களிடம் வர விரும்பினார். நானும் ஆசைப்பட்டேன், மறைக்கவில்லை. கடைசி நாள் இரவு ஏழரை மணி வரை குசினியில் வானொலி ஓடியது. நடக்கவில்லை. மகன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அப்பா கேட்டார்: "விதைநெல் மிச்சம் இருக்கோ?" இருக்கு என்றேன். "அப்ப அவனையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா."

பேர்த்

அண்ணா, உங்கள் அப்பாவின் வார்த்தையை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் வெஸ்ட் கோஸ்ட் ஆட்கள். 2024 ஒக்டோபரில் டொம் பராஸ் உங்களிடம் வந்தாரே, அது எங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதத்தான் வந்தேன். 2018 பிரீமியர்ஷிப் வென்றவர். 2023 இல் மூன்று வெற்றி, 2024 இல் ஐந்து வெற்றி என்று நாங்கள் கிடந்த காலத்திலும் பின்களத்தில் தனியாக நின்று பந்தைத் தட்டியவர்.

நான் தாதியாக வேலை செய்கிறேன். அந்த வாரம் கையை முறித்துக்கொண்டு ஒரு பையன் வார்டில் இருந்தான், எட்டு ஒன்பது வயதிருக்கும். பராஸின் இலக்கம் பதித்த சட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தான். "அக்கா, இந்த இலக்கத்தை எடுத்துவிடலாமா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவனே முடிவுக்கு வந்திருந்தான். இலக்கம் கிளப்பினுடையது, புதிதாக ஒரு அண்ணா வந்து அதைப் போடுவார், அதுவரை தான் பத்திரமாக வைத்திருக்கப் போகிறானாம். வார்ட் வேலை முடிந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

2025 இல் எங்களுக்கு ஒரே ஒரு வெற்றி. அவன் எங்கேயோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்திருப்பான்.

டார்னிட்

சார், நான் கோயம்புத்தூர். எசெண்டன் ரசிகன். உங்கள் வீட்டு சமையலறையில் அந்த இரவு நடந்ததைப் படித்தபோது, இந்தப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் ஒரு ஃபைனல் ஜெயித்து 2004 ஓடு சரி. 2025 ஓடு 21 வருஷம். என் மகள் பிறப்பதற்கு முன்னாடி. அவளுக்கு மெரெட்தான் எசெண்டன். தோற்கிற ஆட்டத்தின் கடைசி நிமிஷத்திலும் முதல் நிமிஷம் மாதிரியே ஓடுகிற ஒரு ஆளை எங்களுக்கு வேறு தெரியாது. ஒப்பந்தம் 2027 வரை இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்று அவர் கேட்டார். ஹாக்ஸ் முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுக்கத் தயாராக இருந்தது. எங்கள் கிளப் மறுத்துவிட்டது.

மறுநாள் காலையில் ரயிலில் எதிரே ஒரு பாட்டி, எண்பது வயசு இருக்கும், சிவப்பும் கருப்புமாக எங்கள் சால்வை. நான் என் பையிலிருந்த சாவிக்கொத்தைக் காட்டினேன், அதிலும் எங்கள் சின்னம். "பிடித்து வைத்துக்கொண்டோம்" என்றார். சந்தோஷமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டில் இருக்கிறான். மனசு எங்கே இருக்கிறதோ" என்றார். சதர்ன் கிராஸ் ஸ்டேஷனில் இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உங்கள் அப்பா சொன்னதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். 2020 டிராஃப்டில் எங்களுக்கு 8, 9, 10 என்று அடுத்தடுத்து மூன்று பிக் இருந்தது. காக்ஸ், பெர்கின்ஸ், ரீட். அதைவிட நல்ல விதைநெல் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் காயம் வந்தது, பயிற்சியாளர்கள் மாறினார்கள். விதை மட்டும் இருந்தால் போதாது, சார். அதனால்தான் மெரெட்டை விட்டு இன்னும் இரண்டு பிக் வாங்கலாம் என்று சொன்ன நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த இளம் பையன்களுக்கு வழிகாட்ட களத்தில் ஒருத்தர் வேண்டாமா? அதே சமயம், அந்தப் பாட்டி சொன்னதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடுவதா, வைத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

மல்கிரேவ், மெல்பேர்ன்

தம்பி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்தேன். "அந்தப் பிள்ளை சொல்லுறது சரி. மழையும் வேணும், காவலும் வேணும்" என்றார். நானும் அதைத்தான் விட்டுவிட்டேன். 2022 இல் எல்லாரையும் அனுப்பவில்லை. மூத்த வீரர்கள் சிசிலி இருந்தார், பிரூஸ்ட் இருந்தார். பெடியன்கள் தோற்றுத் தோற்றுத் துவண்டபோது பக்கத்தில் நிற்க அவர்கள் இருந்தார்கள். உங்களுடைய மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஹாக்ஸ், எசெண்டன் ஆட்டத்துக்கு வாருங்கள். எங்களோடு உட்காரலாம், சால்வை எந்த நிறமானாலும் சரி.

பேர்த் தங்கச்சிக்கு ஒன்று. மெரெட் வராத அதே ஒக்டோபரில் எங்கள் ஜேம்ஸ் வொர்பெல் ஜீலோங்குக்குப் போனார். நான் மேலே சொன்ன அந்த 45 ஆவது தெரிவு அவர்தான். விதைநெல்லே இல்லாத வருடத்தில் கிடைத்த ஒரு மணி. 2019 இல் கிளப்பின் சிறந்த வீரர் பதக்கம் வாங்கினார். மகனின் சட்டையில் இருப்பது அவர் இலக்கம். இரண்டு கிழமையாக அதைத் தொடாமல் வைத்திருந்தான். நேற்று இரவு உங்கள் வார்ட் பையனின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. இன்று காலையில் பார்த்தால் சட்டை தோய்த்துக் கொடியில் கிடக்கிறது. பள்ளிக்கூடம் போகும்போது, "அப்பா, அந்த இலக்கம் இனி யாருக்குக் குடுப்பினம்?" என்று கேட்டான்.